நவமணியின் பெயரில் ஒரு குறிப்பு

கொழிஞ்சிப்பாளையத்தில் வியாழக்கிழமை தோறும் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஓர் இணையதளம் வந்ததும், அந்த இணையதளத்தின் உள்ளே வெளியார் கண்ணில் படாத ஒரு குறிப்புப் பெட்டி இருந்ததும், அந்தப் பெட்டியில் எதை எழுதி வைத்தாலும் எழுதியவரின் தலையிலிருந்து அது இறங்கிப் போய்விட்டதும் ஊர்க்காரர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவந்த சங்கதிகள். மூன்றில் எதற்கு அதிகம் வியந்தார்கள் என்று கேட்டால், முதலாவதற்குத்தான். வாலை முறுக்காமல், பல்லைப் பிடித்துப் பார்க்காமல், வெறும் படத்தைப் பார்த்து ஒருவன் மாட்டுக்கு விலை கேட்பான் என்பதை அவர்களால் கடைசிவரை நம்ப முடியவில்லை. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவள் நவமணி. தரகர் சங்கத்தின் ஒற்றை அறை அலுவலகத்தில், சந்தை மைதானத்தைப் பார்த்த ஜன்னலோரம் அவள் மேசை. மாடுகளின் படத்தை ஏற்றுவதும், விற்றுப்போன மாட்டை எடுத்துவிடுவதும், வாரம் ஒரு நம்பர் மாற்றும் தரகர்களின் போன் நம்பரைத் திருத்துவதும் அவள் வேலை. இணையதளத்தைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரன் கிளம்பும்போது, "அட்மின் பக்கத்துக்குள்ள ஒரு குறிப்புப் பெட்டி வெச்சிருக்கேங்க மேடம். நீங்க கத்துக்கிட்டதை எல்லாம் அதுல எழுதி வைங்க. நாளைக்கு வேற யாராவது வந்தா படிச்சுக்கலாம். பாஸ்வேர்டு இருக்கறவங்க தவிர யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

நவமணி அவன் சொன்னபடியே, விற்ற மாட்டைத் தளத்திலிருந்து எடுப்பது எப்படி என்று முதல் குறிப்பை எழுதினாள். அடுத்த வியாழன் ஒரு காரி மாடு பொள்ளாச்சிக்குப் போய்விட்டது, அதை எடுக்க உட்கார்ந்தவளுக்கு எங்கே தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு மண்ணும் தெரியவில்லை. போன மாட்டைக் கேட்டுப் போன் வந்த வண்ணம் இருந்தது. குறிப்பைத் திறந்து படித்தாள், எல்லாம் திரும்ப வந்தது, ஆனால் குறிப்பு இருந்த பக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபடி எழுதினாள், மறுபடி மறந்தாள். சங்கத் தலைவர் பொங்கியண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"மூட்டையாட்டன்னு சொல்லு. எறக்கி வெச்சா லாரில இருக்கும், தூக்குனா தலைல இருக்கும். ரெண்டு எடத்துலயும் இருக்கோணும்னா எப்படி அம்மிணி இருக்கும்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. டீ வந்தது, குடித்தார்கள்.

இந்தப் பெட்டியால் வேறொரு சௌகரியம் உண்டு என்று முதலில் கண்டுபிடித்தவர் செயலாளர் நாச்சிமுத்து. அறுபதை நெருங்கிய ஆள், முப்பது வருடத் தரகு, யாரையும் நம்பாதவர். மச்சினன் கல்யாணப் பந்தியில் யாரோ தன்னை எழுப்பிவிட்ட அவமானத்தை வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தவர், ஒரு நாள் நவமணியை வெளியே போகச் சொல்லிவிட்டு அதைப் பெட்டியில் எழுதினார். வெளியே வந்து மச்சினனுக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார். அன்றிலிருந்து ஊர் வந்தது. சந்தை இல்லாத நாட்களில், எருமை செத்ததை மறக்க வேண்டியவன் வந்தான், மாமியார் சொன்ன ஒரு வார்த்தையை மறக்க வேண்டியவள் வந்தாள், அந்த மாமியாரே மறு வாரம் வந்தாள், வராத பெண்ணை நினைத்துத் தாடி வளர்த்தவன் வந்து தாடி எதற்கு என்று தெரியாமல் திரும்பிப் போனான். எழுதத் தெரியாதவர்கள் போனின் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள், பேசியது எழுத்தாக ஓடியது. நவமணி லாகின் செய்து கொடுத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வெளியே தெரிவது பெயரும் தேதியும் மட்டும், உள்ளே இருப்பதைத் திறந்து படித்தால் படித்தவர் தலையில் ஏறிவிடும் என்பதால் அவள் எதையும் திறந்ததில்லை, பழைய பட்டியலைக் கீழே நகர்த்திப் பார்த்ததும் இல்லை.

ஊர் இலகுவாகியிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தான் எதையோ இறக்கி வைத்தோம் என்பது தெரியும், எதை என்பது தெரியாது. அது பல் போன இடத்தை நாக்கு தடவுவது போல் ஓயாமல் தடவ வைத்தது. டீக்கடைப் பட்டத்தரசியின் புருஷன் அவளிடம், "நீ என்னத்த எறக்கி வெச்சே?" என்று கேட்பான். "தெரிஞ்சா எதுக்கு எறக்கி வெச்சிருக்கப் போறேன்?" என்பாள் அவள். பதில் நியாயமானதுதான், அதனாலேயே அவனுக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன் தம்பியைப் பார்க்கும்போது, இவன் எனக்குச் செய்ததை நான் மறந்தேனா, நான் இவனுக்குச் செய்ததை இவன் மறந்தானா என்று கணக்குப் போட்டான். கடைசியில் எல்லோருடைய சந்தேகமும் ஓர் இடத்தில் வந்து நின்றது. பெட்டியைத் திறக்கிறவள் நவமணி. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் சிரித்தால் யாருடையதையோ படித்துவிட்டாள் என்றார்கள். முகம் வாடியிருந்தால் இன்னாருடையதைப் படித்துவிட்டாள் என்றார்கள். அவள் டீக்கடைப் பக்கம் போனால் பேச்சு நின்றது. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற நேரத்தில் அவள் தெருவில் நடந்தால், பெண்கள் ஏனோ பிள்ளைகளின் கையைப் பிடித்து அவசரமாக உள்ளே கூட்டிப்போனார்கள். அதுதான் அவளுக்கு வலித்தது. ரகசியத்தைத் திருடுகிறவள் என்று நினைத்தால் நினைக்கட்டும், பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலவா பார்ப்பது?

வீடும் அப்படித்தான் இருந்தது. புருஷன் தர்மலிங்கம் மாட்டு லாரி ஓட்டுகிறவன், கேரளத்துக்கு லோடு ஏற்றிப் போனால் முன்பெல்லாம் மறுநாள் வந்து நிற்பான். போன ஆடிக்குப் பிறகு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டான். மாதத்துக்கு ஒரு முறை வருவான், அவள் ஏதாவது சொல்லிச் சிரித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் ஒரு நாள் தலைக்குக் குத்துகிற கிளிப் ஒன்று கிடைத்தது, சிவப்பு நிறம், பட்டாம்பூச்சி வடிவம். நவமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் அவள், இந்த வயதில் பட்டாம்பூச்சி கிளிப் போட்டு மினுக்குகிறவள்? கிளிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் பட்டத்தரசியிடம் காட்டினாள்.

"இது யாருதுன்னு தெரியுதுங்களாக்கா? நம்மூர்ல யாராவது போடறாங்களா?"

பட்டத்தரசி கிளிப்பைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் அதை இறக்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்றாள், அவளை ஒருமையில் பேசியே பழகியவள். ஊருக்கே தெரிந்த விஷயத்தைத் தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று நவமணிக்கு அப்போது உறுதியாயிற்று. சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊரே ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு தன்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

யோசிக்க யோசிக்க எல்லாம் சந்தேகமாகவே இருந்தது. போன ஆடியில்தான் சந்தை நடுவே இருந்த சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியை இடித்தார்கள். விரிசல் விட்டுவிட்டது என்றார்கள், அவள் பார்த்தவரை விரிசல் இல்லை. இப்போது மாடுகள் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் குடிக்கின்றன. நல்ல தொட்டியை எதற்கு இடித்தீர்கள் என்று அவள் கேட்டபோது பொங்கியண்ணன், அவ்வளவு பேசுகிறவர், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

வைகாசியில் சங்கம் கூட்டம் போட்டது. நவமணி எந்தக் குறிப்பையும் படிக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது தரகர்களின் கோரிக்கை. அவள் மறுக்கவில்லை. தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார்கள், அடுத்தவர் குறிப்பை நான் திறந்ததில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கை சுட்டது. அதோடு விட்டிருக்கலாம். பின்வரிசையில் ஒருவன், பெயர்ப் பட்டியலையாவது எல்லோருக்கும் காட்டட்டும், யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றான். நாச்சிமுத்து வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதாலேயே எல்லோரும் வேண்டும் என்றார்கள்.

பட்டியலை நாச்சிமுத்துதான் நகர்த்தினார். பெயர்கள் ஓடின, சிலர் தலையைக் குனிந்தார்கள், சிலர் பக்கத்திலிருந்தவன் முகத்தைப் பார்த்தார்கள். ஆடி மாதம் வந்ததும் அவர் கை வேகமாயிற்று, ஆனாலும் நவமணி பார்த்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமைத் தேதிக்கு எதிரே அவள் பெயர் இருந்தது.

"நில்லுங்கண்ணா. அது என்ற பேரு."

இத்தனை நாள் அவள் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர், இப்போது தரையைப் பார்த்தது. "கரண்டு கம்மியா வருது" என்று சொல்லி நாச்சிமுத்து கம்ப்யூட்டரை அணைத்தார். "கூட்டம் முடிஞ்சுதுங்க" என்றார் பொங்கியண்ணன். சத்தியம் வாங்கியே தீருவோம் என்று வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இந்த ஊரில் டீயை விட்டுவிட்டு யாரும் எழுந்து போனதில்லை. நவமணிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

தன்னைத்தானே சந்தேகப்படுவது என்றால் என்னவென்று அவளுக்கு அந்த வாரம் தெரிந்தது. எழுதியது தான்தான், எழுதியதால்தான் நினைவில்லை, மற்றவர்களைப் போல எழுதினோம் என்பதுகூட மிஞ்சாதபடி அந்த நாளையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். என்னத்தை எழுதினேன்? புருஷனுக்கு வேறொருத்தி இருப்பது அப்போதே தெரிந்து, தாங்காமல் இறக்கி வைத்தேனா? இல்லை, நானே ஏதாவது பாவம் செய்தேனா, அதனால்தான் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போகிறார்களா? இறக்கி வைத்தவள் காரணம் இல்லாமல் இறக்கி வைத்திருக்க மாட்டாள், அவள் பேச்சைக் கேட்டுச் சும்மா இரு என்று ஒரு மனம் சொன்னது. தன் தலையில் இருந்தது தனக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிந்திருப்பதை இன்னொரு மனம் பொறுக்கவில்லை. வருகிறது வரட்டும் என்று ஒரு காலையில் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுக் குறிப்பைத் திறந்தாள்.

பக்கம் வெள்ளையாக இருந்தது.

பெயர் இருந்தது, தேதி இருந்தது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. அப்படியென்றால் யாரோ படித்துவிட்டார்கள். அவள் இறக்கி வைத்த மூட்டையை யாரோ தலையில் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது, பொங்கியண்ணனிடம் இருந்தது, நாச்சிமுத்துவிடம் இருந்தது. பொங்கியண்ணனுக்குப் பாஸ்வேர்டை அடிக்கவே இன்னும் ஆள் வேண்டும்.

அதன்பிறகு நவமணி ஜன்னலோரம் உட்கார்ந்து நாச்சிமுத்துவைப் பார்க்கத் தொடங்கினாள். ஊர் தன்னைப் பார்த்தது போலவே, சிரித்தால் ஏன் சிரித்தார், வாடினால் ஏன் வாடினார் என்று பார்த்தாள். எல்லோரையும்விட அதிகமாக அவளைச் சந்தேகப்பட்ட மனிதர் போன ஆடிக்குப் பிறகு அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தொட்டியை இடித்தபோது ஆள் வைத்து இடிக்காமல் கடப்பாரையைத் தானே வாங்கிக் குத்தியவர் அவர். அலுவலகத்துக்கு வந்தால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். வியாழன்தோறும் சந்தைக்குள் வரும் பஞ்சு மிட்டாய்க்காரனிடம் ஒன்று வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர் போலக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார். வெயிலில் அது சுருங்கிக் குச்சியோடு ஒட்டும்வரை நிற்பார். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் மீசை முறுக்குகிற ஆட்கள்.

ஆனி பிறந்த முதல் சந்தையில், மாடுகள் பெரும்பாலும் போய், சாணமும் வைக்கோலுமாக மைதானம் கலைந்துகொண்டிருந்த மத்தியானத்தில், அப்படி மிட்டாயைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் நவமணி போனாள்.

"நாச்சிமுத்துண்ணா, என்ற குறிப்பப் படிச்சது நீங்கதானுங்களே?"

மறுப்பார் என்று நினைத்திருந்தாள், மறுத்தால் கேட்பதற்குக் கேள்விகள் வைத்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

"ஆமாங்க அம்மிணி."

"எதுக்குங்க?"

"பயந்துக்கிட்டுத்தான். அன்னைக்குச் சந்தைல, ரெண்டு காளைப் படத்தச் சீக்கிரம் ஏத்துங்க ஏத்துங்கன்னு உங்கள அவசரப்படுத்துனது நானு. நாச்சிமுத்துனாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதி வெச்சிருப்பீங்க, அத அழிச்சுப்போடலாம்னு தொறந்தேன்." அவர் குரல் இறங்கியது. "என்ற பேரே அதுல இல்லீங்க. ஒரு எடத்துலகூட இல்ல."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவப்புக் கிளிப்பை நீட்டினாள். அப்போதும் அவள் மனதில் இருந்தது அந்த முகம் தெரியாத பெண்தான். நாச்சிமுத்து மிட்டாய்க் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கிளிப்பை வாங்கினார். மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் அதைச் சட்டென்று திறந்தன, அவர் இடுப்புயரத்துக்குக் குனிந்து, அங்கே ஒரு தலை இருப்பது போலக் காற்றில் ஒதுக்கிக் குத்தப் போனார்.

"இது எடப்பக்கத்துக்கு. வலப்பக்கம் நிக்காதுங்க, அங்கொரு சுழி இருக்குது" என்றார். "எனக்கு ரெண்டும் பசங்க. தல பின்னவே தெரியாது. இப்பத் தெரியும்."

பள்ளிக்கூட வேனும், பொங்கி வழிந்த பாலும், சிரித்தால் எழுந்து போகிற புருஷனும், இடிக்கப்பட்ட தொட்டியும் ஒன்றாக வந்து நவமணியின் நெஞ்சில் இடித்தன. தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் பெற்றது தன்னிடம் இல்லை, இந்த மனிதரிடம் இருக்கிறது. துக்கம்கூட அவளுக்கு வரவில்லை, எதை நினைத்து அழுவது என்று தெரியாமல் வெறும் கோபம்தான் வந்தது.

"திருப்பி எழுதுங்க" என்றாள். "இப்பவே வாங்க, லாகின் பண்ணித் தாரேன். எழுதுங்க, நான் படிச்சுக்கறேன்."

"மாட்டேனுங்க."

"அண்ணா, அது என்ற புள்ள."

"இல்லீன்னு சொல்லலீங்க. பொறந்ததுல இருந்து எழுதியிருந்தீங்க, ஒண்ணு விடாம. ஒரு வருசமா என்ற மடிலதான் கெடக்குது. எழுதிப்போட்டா அது யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிருமுங்க அம்மிணி. அழுகறதுக்காச்சும் இருக்கட்டும்."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தது வழிந்தபடி இருந்தது. இந்த ஆளைத் திருடன் என்பதா, தாய் என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும்விட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது.

"எத்தன வயசுங்க?"

நாச்சிமுத்து கிளிப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முப்பது வருடமாகச் சந்தையில் ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லாத மனிதர். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு அவள் முன்னே நீட்டினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கொழிஞ்சிப்பாளையம் சந்தையில் ஒரு பெண் துண்டுக்குள் கை விட்டதில்லை. பட்டத்தரசி கடையை விட்டு வெளியே வந்தாள், பொங்கியண்ணன் வந்தார், இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை.

நவமணி துண்டுக்குள் கையை விட்டாள். அவர் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தினார். அடுத்த விரலை அழுத்தினார். நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல். நாலு, என்று அவள் நினைக்கும்போதே அவர் கை கட்டைவிரலுக்கு வந்தது, முழுதாகப் பிடிக்காமல் பாதிக் கணுவில் நின்றது. நாலரை.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை.

"எழுதுனாத்தானுங்க எறங்கிப் போகுது" என்றாள். "வாயில சொன்னாப் போகாதுங்களே?"

நாச்சிமுத்து யோசித்தார். இத்தனை நாளில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை, சொல்ல முடியாததைத்தானே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"போகாதுங்க" என்றார். "சொன்னா ரெண்டு எடத்துலயும் இருக்கும்."

"அப்பச் சொல்லுங்க. பேருல இருந்து சொல்லுங்க."